தேயிலைக்கு அளந்த ஈரம்

கனடாவிலோ நோர்வேயிலோ குடியேறிவிட்ட பிள்ளைகளின் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும் நம் முதியோர் பல புதுமைகளைக் கதை கதையாகச் சொல்வார்கள். அவற்றுள் ஒன்று பதுளைப் பக்கத்தவரைச் சிரிக்க வைக்கும். வெளியே முழங்காலளவு பனி குவிந்து கிடக்கிறதாம். வீட்டினுள்ளேயோ காற்றுக்கு ஈரம் ஊட்டுவதற்கென்றே ஓர் இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறதாம்! மார்கழி மாதத்தில் பெட்டியில் வைத்த வேட்டியும் பூஞ்சணம் பிடிக்கும் நாட்டிலே, துவைத்த துணி மூன்று நாளாகியும் உலராத நாட்டிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காசு கொடுத்து ஈரம் வாங்குவது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும்.

ஆயினும் அது பைத்தியக்காரத்தனம் அன்று. காற்று சூடேறச் சூடேற, அது ஏந்தக்கூடிய நீராவியின் அளவும் பெருகும் என்பது இயற்கையின் நியதி. 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியை ஏந்தும். 10 பாகையில் ஒன்பது கிராமுக்குச் சற்று மேல். உறைநிலையில் ஐந்து கிராமுக்கும் குறைவு. உறைநிலைக்கும் கீழே பத்துப் பாகை இறங்கிவிட்டால் இரண்டு கிராமும் சொச்சமுந்தான். அத்தகைய குளிர்காற்று வீட்டினுள் புகுந்து 20 பாகைக்குச் சூடாக்கப்படும்போது, 17 கிராம் கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு கிராமே கிடக்கிறது. கொள்ளக்கூடிய முழு அளவில் இப்போது எத்தனை வீதம் இருக்கிறது என்பதையே மாணவர்கள் சாரீரப்பதன் என்று படிக்கிறார்கள். மேற்சொன்ன வீட்டில் அது 13 அல்லது 14 வீதமாக இருக்கும். உதடு வெடிக்கிறது, மூக்கில் இரத்தம் கசிகிறது, மரக் கதவு சுருங்கி இடைவெளி விடுகிறது. ஆகவே சூட்டடுப்பிலிருந்து அறைகளுக்குச் சூடான காற்றைக் கொண்டுசெல்லும் குழாயிலேயே ஈரமூட்டும் கருவியைப் பொருத்திவிடுகிறார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடுகளை ஆலையிலேயே முழுமையாகச் செய்து, சக்கரம் பூட்டி, நெடுஞ்சாலை வழியே இழுத்துவந்து நிறுத்தும் வழக்கம் உண்டு. இத்தகைய வீடுகளில் ஈரமூட்டுவது மிகவும் நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம். அவற்றின் சுவர் மெல்லியது, அறைகளும் சிறியவை. ஈரம் சற்று மிஞ்சினால் சுவரின் குளிர்ந்த உட்பக்கத்தில் நீர் படிந்து, மரச்சட்டம் உளுத்துவிடும். வெளியே குளிர் கூடக் கூட, உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது அங்குள்ளவர்கள் கைக்கொள்ளும் விதி. ஈரம் என்பது நல்லதும் அன்று, கெட்டதும் அன்று, அளவே காரியம்.

இந்த விதியை ஊவா மாகாணத்து மக்கள் கனடாவுக்குச் சென்று கற்க வேண்டியதில்லை. காற்றை ஈரமாக்கும் இயந்திரம் நம் தோட்டங்களிலேயே நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது இருக்கும் இடம் வீடு அன்று. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை.

கொழுந்து தூளாகும் கதையைக் காற்றின் கண்கொண்டு பார்ப்போமாயின் அது விந்தையான கதை. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டது நீர். முதலில் அதை வாட்ட வேண்டும். பழைய தொழிற்சாலைகளில் மேல்மாடிகள் முழுவதும் இதற்கென்றே இருந்தன. தோமஸ் லிப்டன் 1890-இல் ஹப்புத்தளைக்கு அருகில் எழுப்பிய தம்பத்தனைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்கு, வரிசை வரிசையாகச் சாளரங்கள் வைத்த அந்த நெடிய கட்டடம் நினைவிருக்கும். இன்று கம்பிவலை விரித்த நீண்ட தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்துகிறார்கள். இங்கே வேண்டுவது உலர்ந்த காற்று. பதினான்கு, பதினாறு மணி நேரம் அது கொழுந்தின் நீரை மெல்ல மெல்ல உறிஞ்ச வேண்டும்.

வாடிய கொழுந்து கீழ்த்தளத்துக்கு இறங்கி உருட்டு இயந்திரத்தில் நசுங்கியதுமே நிலைமை தலைகீழாகிவிடுகிறது. இலையின் சாறு வெளிப்பட்டுக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கலக்கிறது. பச்சை நிறம் செம்பு நிறமாகிறது. இதை நொதித்தல் என்று வழங்கினாலும் உண்மையில் இது ஒட்சியேற்றமே. கள் புளிப்பதற்கும் இதற்கும் உறவில்லை. இந்த வேளையில் உலர்ந்த காற்று பட்டால் இலையின் மேற்புறம் காய்ந்து கறுத்துவிடும். உள்ளே மாற்றம் நிகழ்வதற்குள் வெளியே அது நின்றுவிடும். கோப்பையில் மினுக்கமும் இராது, சுவையும் இராது. ஆகவே, மேல்மாடியில் உலர்ந்த காற்றை வேண்டிய அதே கொழுந்துக்கு, சில படிகள் கீழே இறங்கியவுடன் 90 வீதத்துக்கும் மேற்பட்ட ஈரமுள்ள குளிர்ந்த காற்று வேண்டியிருக்கிறது. முற்காலத்தில் தரையில் நீர் தெளித்தும், சாளரங்களில் ஈரச் சாக்கும் ஈரத் துணியும் தொங்கவிட்டும் இதைச் சாதித்தார்கள். பின்னர் வந்த கருவி, வேகமாகச் சுழலும் தட்டின் மீது நீரை விழச் செய்து, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்துளியாகச் சிதறடித்து, விசிறியால் அறை முழுதும் பரப்புகிறது. இதன் பின் அடுப்பில் காய்ந்து வெளிவரும் தேயிலையில் மூன்று வீதமளவே நீர் எஞ்சியிருக்கும். நூறு கிலோ பச்சைக் கொழுந்து இருபத்திரண்டு கிலோ அளவு தூளாகச் சுருங்குவதன் கணக்கு இதுதான். அந்தத் தூளோ சுற்றுப்புறத்து ஈரத்தைத் திருடுவதில் மகா கெட்டிக்காரி; ஆதலால் இறுதி அறை மறுபடியும் உலர்ந்த அறை.

உலர்வு, ஈரம், மீண்டும் உலர்வு. ஒரே கூரையின் கீழ் மூன்று வகைக் காலநிலை!

ஊவாவில் இந்தச் சாமர்த்தியம் மற்ற இடங்களைவிட மிகுதியாக வேண்டும். ஆடி, ஆவணியில் தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் மோதி, ஹட்டன் பக்கத்தில் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. மேலெழும் ஈரக்காற்று மழையாகத் தன் சுமையை இறக்கிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் சரிகிறது. மேகம் சூழ்ந்த காற்று மேலேறுகையில் ஆயிரம் மீற்றருக்கு ஐந்து, ஆறு பாகையே குளிரும். நீரை இழந்து கீழிறங்குகையிலோ அதே தூரத்துக்குப் பத்துப் பாகை சூடேறும். ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது மிகுதியாகப் பெற்றுக்கொண்டு, சூடும் வறட்சியுமாக அது ஊவா மலைச்சரிவில் வீசுகிறது. கிழக்கிலங்கை மக்கள் கச்சான் என்றழைப்பது இதனையே. (வறுத்துத் தின்னும் கச்சானை அன்று!) இதல்கஸ்ஹின்னவிலும் ஹப்புத்தளையிலும் முகட்டின் மேல் நிற்பவர் ஒரு பக்கம் மூடுபனியையும் மறுபக்கம் பளிச்சென்ற வெயிலையும் ஒருசேரக் காணலாம்.

இந்த வறண்ட காற்றில் வாடி வருந்தும் தேயிலைச் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் ஒரு மணத்தைப் பிறப்பிக்கிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்தது அந்த மணமே. மெத்தில் சலிசிலேற்று என்ற பொருள் அதிற் பெரும்பங்கு கொள்கிறது. வலித் தைலங்களின் காரமணத்துக்குக் காரணமானதும் அதுவே. ஆனால் செடிக்கு மணம் தந்த அதே காற்று தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் புகுந்தால் மணத்தைக் கெடுத்துவிடும். ஆகவேதான் அம்மாதங்களில் இரவின் குளிர்ந்த வேளையிலும் விடியற்காலையிலும் இலையை உருட்டி முடிக்க விரைகிறார்கள். ஈரமூட்டும் கருவிகளும் அப்போதுதான் முழுமூச்சாக ஓடும்.

இதற்கெல்லாம் துணை நிற்பது சுவரில் தொங்கும் எளிய கருவியொன்று. ஒரே பலகையில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் வெறுமையாகவும் மற்றதன் குமிழ் ஈரத் துணி சுற்றியதாகவும் இருக்கும். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவுக்கு இரண்டு குமிழ்களுக்குமிடையே வித்தியாசம் மிகும். வாட்டும் மாடியில் நாலைந்து பாகை வித்தியாசம் இருந்தால் நன்று. நொதிக்கும் அறையில் ஒரு பாகையைத் தாண்டலாகாது. ‘டீ மேக்கர்’ எனப்படும் அதிகாரி இரவு முழுவதும் இந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தலவாக்கலையில் தலைமையகமும் பசறையில் ஊவாவுக்கான நிலையமும் கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்த அளவுகளையெல்லாம் ஆராய்ந்து அறிவுரை வழங்குகிறது.

இனி, தொழிற்சாலையின் வாசலைத் தாண்டி, கொழுந்து பறித்தவர்கள் உறங்கும் இடத்துக்குச் செல்வோம். அங்கே அந்தக் கருவி தொங்குவதில்லை.

லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய கணக்கு. உயரம் எட்டடி என்று கொண்டால், அதனுள் அடங்கும் காற்று ஏறக்குறைய 27 கன மீற்றர். 20 பாகையில் அந்தக் காற்று முழுவதும் நிரம்பினாலும் ஏந்தக்கூடிய நீர் 470 கிராமுக்கு மேல் இல்லை. அரைப் போத்தலுக்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு நாற்பது கிராமளவு நீரைக் காற்றில் விடுகிறார். சிறுவரும் பெரியவருமாக ஆறுபேர் எட்டு மணி நேரம் உறங்கினால், ஒன்றரை லீற்றர் நீர்! அரை லீற்றரும் கொள்ளாத பாத்திரத்தில் ஒன்றரை லீற்றரை ஊற்றினால் மிச்சம் எங்கே போகும்? சுவரில் வழியும்; தகரத்தின் அடியில் முத்து முத்தாய்ப் படியும்; விடியற்காலையில் முகத்திற் சொட்டும். “கூரை ஒழுகுகிறது” என்று தார் பூசிப் பார்த்து அலுத்துப்போனவர்கள் பலர். ஒழுகியது வானத்து மழையன்று. அவர்களுடைய சொந்த மூச்சே. இரவில் தெளிந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகரம் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதன் அடியில் ஈரம் தங்குவது பனிக்கட்டி போட்ட குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போன்றது.

இதனோடு அடுப்பையும் சேர்க்க வேண்டும். எரியும் விறகு ஈரத்தை விரட்டும் என்றே எல்லாரும் நம்புகிறார்கள். ஒரு கிலோ காய்ந்த விறகு எரியும்போதே ஏறக்குறைய அரைக் கிலோ நீராவி பிறக்கிறது. விறகு ஈரமானதாயின் இன்னும் மிகுதி. புகைபோக்கி இல்லாத அடுப்பாயின் புகையும் ஆவியும் இரண்டுமே அறைக்குத்தான் சொந்தம். மழைநாளில் கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்த கம்பளியையும் துணியையும் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டால், அதிலுள்ள நீரும் அதே காற்றில்தான் கலக்கும்.

கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்காற்று மழையோடு வரும் காலத்தில் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து இரவுகள் 15 பாகைக்கும் கீழே இறங்குகின்றன. அப்போது கதவை அடைத்து, சந்தையும் இடுக்கையும் சாக்கால் அடைத்துக்கொண்டு படுப்பது இயல்பே. குளிரில் நடுங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவை என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த அடைப்பிலே பூஞ்சணம் செழிக்கிறது. சாரீரப்பதன் நாள்தோறும் 70 வீதத்துக்கு மேலேயே நின்றால் சுவரிலும் பாயிலும் பூஞ்சணம் பற்றும். தலையணைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் பல்கும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு இவை இரண்டும் நஞ்சு. மார்கழி முழுவதும் இருமிக்கொண்டே பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் ‘குளிர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பல வீடுகளில் ஒத்துக்கொள்ளாதது குளிரன்று; அடைபட்ட ஈரமும் புகையுமே.

இங்கே ஒரு சங்கதியை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். வெளியே மூடுபனி கவிந்திருக்கையில் கதவைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடும் என்று அஞ்சுகிறோம். கணக்கோ வேறு சொல்கிறது. 15 பாகையில் முற்றும் ஈரம் நிரம்பிய காற்றிலும் கன மீற்றருக்கு 13 கிராமுக்கு மேல் நீர் இல்லை. அது உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடேறினால் சாரீரப்பதன் 75 வீதத்தளவுக்கு இறங்கிவிடும். கண்ணுக்கு ஈரமாகத் தோன்றும் அந்தக் காற்றுதான், இரவெல்லாம் அடைத்துக் கிடந்த நூறு வீதக் காற்றைவிட உலர்ந்தது! கனடா வீட்டை வறட்டும் அதே நியதி, நம் காம்பராவை உலர்த்தவும் வல்லது. விடிந்ததும் பத்து நிமிடம் கதவைத் திறந்துவைத்தால் போதும். சுவர் குளிர்ந்துவிடாது, காற்று மாறிவிடும். இரவிலும் கூரையை ஒட்டி ஒரு சாண் திறப்பு இருத்தல் நலம். மூடிய அறையில் தணலை வைத்துக்கொண்டு உறங்குவது மட்டும் ஒருபோதும் கூடாது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் இல்லாமல் உயிரைக் கொண்டுபோகும்.

திறந்துவைக்க ஒரு சாளரமாவது இருக்க வேண்டுமே என்று வாசகர் கேட்பது நியாயம். ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களில், ஒவ்வொரு காம்பராவுக்கும் வெளியைப் பார்த்த சுவர் ஒன்றே. மூன்று பக்கமும் அண்டை வீட்டார். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வழியே கிடையாது. கொழுந்துக்காக மாடி முழுவதும் சாளரம் வைத்த காலத்தில்தான் இவையும் கட்டப்பட்டன. கட்டியவர்களுக்குக் காற்றோட்டத்தின் சாஸ்திரம் தெரியாது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் கம்பனிகளுக்கு மாறியது. எசமானர்கள் மாறினார்கள்; பின்சுவர் மாறவில்லை.

இப்போது தனி வீடுகள் எழுந்து வருகின்றன. இந்திய அரசின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட 4,000 வீட்டுத் திட்டத்தில், ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் அளவாக வைக்கப்பட்டன. நான்கு பக்கமும் வெளியாக நிற்கும் வீடு என்பதே பெரும் மாறுதல். அப்படியொரு வீடு கிடைக்கப்பெறுவோர், சுவருக்கு வர்ணம் என்னவென்று கேட்பதற்கு முன்னே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் சாளரம் உண்டா? அடுப்புக்குப் புகைபோக்கி உண்டா? கூரைத் தகட்டுக்கும் அறைக்கும் இடையே உட்கூரை ஒன்று உண்டா? உட்கூரை இருந்தால் அறையின் சூடான ஆவி குளிர்ந்த தகட்டை எளிதில் எட்டாது, சொட்டும் குறையும். கட்டும்போது இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. கட்டி முடிந்த பின் இடித்துச் செய்வதற்கு ஆகும் செலவு பெரிது. லயத்திலேயே இருப்போரும் அடுப்பை இஸ்தோப்புப் பக்கம் கொண்டுவந்து, மேலே தகரக் குழாயொன்றைப் பொருத்திக்கொள்ள இடமுண்டா என்று பார்க்கலாம்.

ஆடி, ஆவணியில் வறட்சி மிஞ்சும் நாட்களில் தொண்டை வறண்டு, குழந்தைகளின் உதடு வெடிப்பதுண்டு. அதற்காகக் கடைகளில் இப்போது விற்கும் சிறிய மூடுபனிக் கருவிகளை வாங்க ஓட வேண்டியதில்லை. அதன் தொட்டியைக் கழுவாமல் விட்டால், தேங்கிய நீரிலுள்ள கிருமிகளையே வீடு முழுதும் தூவும். சாளரத்தில் சுத்தமான ஈரத் துணியொன்றைத் தொங்கவிட்டால் அதுவே போதும். தேயிலைத் தொழிற்சாலை பல்லாண்டுகள் அதைக் கொண்டே காரியம் நடத்தியிருக்கிறது.

மாணவர்கள் செய்து பார்ப்பதற்கு ஒரு வேலை சொல்வோம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உள்ளவை போன்ற மதுசார வெப்பமானிகள் இரண்டு வேண்டும். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.) இரண்டையும் ஒரு பலகையில் பக்கம் பக்கமாகக் கட்டுங்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, அதன் நுனியைச் சிறு போத்தலில் உள்ள நீரில் அமிழ்த்திவிடுங்கள். மழைநீர் சிறந்தது. விசிறியால் மெல்ல வீசிவிட்டு, மூன்று நான்கு நிமிடம் கழித்து இரண்டையும் வாசியுங்கள். உலர் குமிழ் 20 பாகை காட்டும்போது ஈரக் குமிழ் 15 காட்டினால் சாரீரப்பதன் ஏறக்குறைய 59 வீதம். வீட்டுக்கு உகந்த அளவு. 18 காட்டினால் 83 வீதம், பூஞ்சணத்துக்கு விருந்து. 19 காட்டினால் 91 வீதம். அது தேயிலை நொதிக்கும் அறையின் காற்று, மனிதர் உறங்கும் அறைக்கு உரியதன்று. அடுப்பருகிலும் வெயில் படும் இடத்திலும் பலகையை மாட்ட வேண்டாம். படுக்கும் முன் ஒரு முறை, விடிந்ததும் கதவைத் திறக்கும் முன் ஒரு முறை, திறந்து பத்து நிமிடம் கழித்து ஒரு முறை என்று ஒரு மாதம் கொப்பியில் குறித்து வாருங்கள். துணியை வாரந்தோறும் மாற்ற வேண்டும். அழுக்கேறிய துணி பொய்க் கணக்குக் காட்டும்.